பாப் ஃபேகினின் வெந்நீர்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது இந்தக் கதையை எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன். அப்பா கடனுக்காகச் சிறையில் இருக்கிறார். பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டுகிறான். அந்தப் பையன் யார் தெரியுமா? சார்லஸ் டிக்கன்ஸ்! கீழே ஒரு சூரிய உதயப் படம். கூடவே ஒரு சிபாரிசு: ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ அவருடைய சொந்தக் கதை, விழுந்தவன் எப்படி எழுந்தான் என்று இளைஞர்கள் தெரிந்துகொள்ளப் படிக்க வேண்டிய நாவல். லிங்க்ட்இன்னில் இது ஒரு தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. இலக்கியம் படிக்கிறவர்களும் கொஞ்சம் நல்ல மொழியில் இதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வளர்ச்சி நாவல்’.

தகவல்களில் தப்பு இல்லை. என் கோபம் வேறு. அந்தத் தொழிற்சாலையில் வேறு பையன்களும் இருந்தார்கள். அவர்களை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஞாபகம் வராதபடி அந்த நாவலை எழுதி வைத்தவரே டிக்கன்ஸ்தான் என்பது என் குற்றச்சாட்டு. அதைத் திருத்த அவருக்குப் பத்து வருடமும் இன்னொரு நாவலும் தேவைப்பட்டன. அந்த இன்னொரு நாவல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. வளர்வது என்றால் என்ன என்று டிக்கன்ஸுக்குப் புரிந்தது அதில்தான்.

சரி, முதலில் நடந்தது என்ன?

1824 பிப்ரவரி. டிக்கன்ஸுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. லண்டனில் தேம்ஸ் கரையோரம், ஹங்கர்ஃபோர்ட் படித்துறை. எலிகள் ஓடும் ஒரு இடிந்த கட்டடத்தில் வாரன்ஸ் பாலிஷ் கிடங்கு. பாலிஷ் நிரப்பிய ஜாடியின் வாயை முதலில் எண்ணெய்க் காகிதத்தால் மூடணும். மேலே நீலக் காகிதம். நூலால் கட்டி, ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, கடைசியில் லேபிள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு 6 அல்லது 7 ஷில்லிங். அவன் சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பா ஜான் டிக்கன்ஸ் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். அவரை உள்ளே அனுப்பிய கடன் ஒரு பேக்கரிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங். அக்கா ஃபேனி மட்டும் அந்த வருடம் முழுக்க ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை, தம்பியைத்தான் வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்த லேபிளில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரறிந்த வாரன்ஸ் பாலிஷின் விலாசம் ‘30, ஸ்ட்ராண்ட்’. அது வேறொரு வாரனுடைய கம்பெனி. பையன் வேலை பார்த்தது போட்டிக் கம்பெனியில். ‘30, ஹங்கர்ஃபோர்ட் படித்துறை, ஸ்ட்ராண்ட்’ என்று அச்சடித்து, நடுவில் உள்ளதைப் பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். இன்னொன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அச்சான லேபிளை ஒட்டுவது அந்தப் பையனுடைய முதல் வேலை.

அங்கே முதல் நாள் அவனுக்கு நூல் கட்டக் கற்றுக்கொடுத்தவன் பாப் ஃபேகின். அப்பா அம்மா இல்லாதவன், படகோட்டியான தன் அக்கா புருஷன் வீட்டில் வளர்கிறவன். டிக்கன்ஸுக்கு விலாப்பக்கம் வலி வந்து சுருண்டு விழும் வழக்கம் இருந்தது. ஒருநாள் வேலை நேரத்தில் அப்படி வந்துவிட்டது. பாப் வைக்கோலைப் பரப்பி அவனைப் படுக்க வைத்தான். காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, ஆறினதை எடுத்துவிட்டுச் சூடானதை வைத்து, பாதி நாள் விலாவில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் தனியாக அனுப்ப மனசில்லாமல் வீடு வரைக்கும் வருகிறேன் என்று கூடவே நடந்தான்.

வீடு எங்கே இருக்கிறது? அப்பாவும் அம்மாவும் சிறையில். சொல்ல முடியுமா? பையன் என்னென்னவோ சாக்கு சொல்லிப் பார்த்தான். பாப் விடவில்லை. கடைசியில் சவுத்வார்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டின் படியில் ஏறி, இதுதான் எங்கள் வீடு என்று கை குலுக்கி அனுப்பிவைத்தான். பாப் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினான். கதவைத் திறந்த பெண்ணிடம் கேட்டான்: இது ராபர்ட் ஃபேகின் வீடுதானே?

இந்தச் சம்பவத்தை டிக்கன்ஸ் எழுதி வைத்திருக்கிறார், ஆனால் நாவலில் அல்ல. 1847-ல் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தற்செயலாக ஒன்று கேட்டார். ஸ்ட்ராண்ட் பக்கம் ஒரு கிடங்கில் சிறுவனாக இருந்த உங்களைப் பார்த்ததாக சார்லஸ் டில்க் சொல்கிறாரே? டிக்கன்ஸ் கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லையாம். பிறகுதான் ஒரு சுயசரிதைத் துண்டு எழுதி ஃபார்ஸ்டரிடம் கொடுத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சாகவில்லை. 1870-ல் அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் முதன்முதலாகப் படித்தது.

என் வழக்குக்கு ஆதாரம் இந்தத் துண்டுதான். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதாமாதம் வந்த ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’டின் 11-ஆவது அத்தியாயத்தில் டிக்கன்ஸ் அதைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து வைத்தார். பாலிஷ் கிடங்கு ஒயின் கிடங்கானது. மற்றபடி பசி, காசை எண்ணி எண்ணிச் செலவு செய்வது, அழுகை எல்லாம் வந்துவிட்டன. எதெல்லாம் வரவில்லை என்று பாருங்கள்.

வெந்நீர் பாட்டில் வரவில்லை. பொய்க் கதவு வரவில்லை. பாப் ஃபேகினே வரவில்லை.

அவன் இருந்த இடத்தில் மிக் வாக்கர் என்றும் மீலி பொட்டேட்டோஸ் என்ற பட்டப்பெயரிலும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இவர்கள் மத்தியில் விழுந்துவிட்டோமே என்று டேவிட் உள்ளுக்குள் செத்துப் போகிறான். கவனிங்க, அவனுடைய துக்கம் பத்து வயதுப் பையன் வேலை செய்கிறான் என்பது பற்றியது அல்ல. இந்த மாதிரிப் பையன்களோடு சேர்ந்து வேலை செய்கிறோமே என்பது பற்றியது. ஒரு நாள் அவன் டோவருக்கு ஓடிப் போகிறான். அப்பாவுடைய அத்தை பெட்சி ட்ராட்வுட் குளிப்பாட்டிப் படுக்க வைக்கிறாள். நமக்கும் அப்பாடா என்று இருக்கிறது. மிக்கும் மீலியும் அங்கேயே பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று எண்ணூறு பக்க நாவல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இன்னொன்றும் வரவில்லை. அப்பா 1824 மே மாதமே சிறையிலிருந்து வந்துவிட்டார். அப்புறமும் பையன் லேபிள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒருவழியாக அப்பா கிடங்கை நடத்திய உறவினரோடு சண்டை போட்டு அவனை நிறுத்தினார். அம்மா போய்ச் சமாதானம் பேசி, பையனைத் திரும்ப அனுப்பப் பார்த்தாள். இதை டிக்கன்ஸ் சாகும்வரை மன்னிக்கவில்லை. நாவலில் என்ன செய்தார்? அம்மாவை முன்னாடியே சாகடித்துவிட்டார், தேவதையாக. வேலைக்கு அனுப்புகிறவன் மாற்றான்தகப்பன் மர்ட்ஸ்டன். சொந்த அப்பாவோ மிக்காபர் என்ற பெயரில், ரத்த சம்பந்தம் இல்லாத, எல்லாரும் சிரித்து ரசிக்கும் மனிதராகிவிட்டார். பெற்றவர்கள் இருவருக்கும் விடுதலை.

சொந்தக் கதை என்கிறீர்களே, இதுவா சொந்தக் கதை? லேபிள் ஒட்டும் வேலையை அவர் விடவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

பாப் ஃபேகினின் பெயர் மட்டும் அதற்கு முன்பே அச்சேறிவிட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் கிழவனின் பெயர் ஃபேகின். ஒத்தடம் கொடுத்த பையனின் பெயரைத் தூக்கிலிட வேண்டியவனுக்கு ஏன் வைத்தார்? எனக்குத் தோன்றுவது இது: பாப் நல்லவனாக இருந்ததுதான் ஆபத்து. கொடுமைக்காரனை வெறுத்து வெளியே வந்துவிடலாம். அன்பு காட்டுகிறவன், நீயும் எங்களில் ஒருவன்தான் என்று சொல்லாமல் சொல்கிறான். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதைவிடப் பயங்கரமான வாக்கியம் இருந்திருக்காது.

இனி யூரியா ஹீப். இவனைப் பற்றிப் பேசாமல் ‘உழைப்பால் உயர்ந்த டேவிட்’ என்று பேசுகிறவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

டேவிட்டுக்கு அப்பா இல்லை. யூரியாவுக்கும் இல்லை. இருவரும் ஆசைப்படுவது ஒரே பெண்ணை, வக்கீல் விக்ஃபீல்டின் மகள் ஆக்னஸை. டேவிட் சட்டத் தொழில் பழக அத்தை 1,000 பவுண்டு கட்டுகிறாள். யூரியாவுக்குக் கட்ட யாரும் இல்லை. ஆபீஸ் முடிந்த பிறகு ராத்திரியில் தடித்தடிச் சட்டப் புத்தகங்களை வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறான். முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்கு வந்த யாராக இருந்தாலும் அந்த விரலை அடையாளம் கண்டுகொள்வார்கள். தர்மப் பள்ளிக்கூடத்தில் தனக்கும் தன் அப்பாவுக்கும் காலையிலிருந்து ராத்திரி வரை பணிவு ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவன் ஒரு இடத்தில் சொல்கிறான். குனியச் சொன்னார்கள், குனிந்தோம், அதில் பலன் இருந்தது. நாவலிலேயே எனக்கு மிக முக்கியமான இடம் அது. டேவிட்டுக்கும் ஒரு கணம் உறைக்கிறது. பழத்தைப் பார்த்தேன், விதையை யோசிக்கவில்லையே என்கிற மாதிரி ஏதோ நினைக்கிறான். அடுத்த பக்கமே மறந்தும் போகிறான். பிற்பாடு யூரியாவைக் கன்னத்தில் அறையவும் செய்கிறான்.

யூரியா மோசடிக்காரன்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் நாவல் அவனை வெறுப்பது மோசடி தெரிந்த பிறகு அல்ல. முதல் சந்திப்பிலேயே அவனுடைய ஈரக் கை, இமை முடி இல்லாத கண், நெளியும் உடம்பு. தீர்ப்பு முதலில் எழுதியாகிவிட்டது, குற்றம் பிறகுதான் தேடிப் பிடிக்கப்படுகிறது. கீழேயிருந்து ஏறும் இரண்டு பையன்களில் ஒருவன் நாயகன், இன்னொருவன் அருவருப்பு. வித்தியாசம் உழைப்பில் இல்லை. டேவிட் பிறப்பால் ‘ஜென்டில்மேன்’, இடையில் தவறி விழுந்தவன். அவன் மேலே வருவது திரும்பி வருவது. யூரியா வருவதற்கு அத்துமீறல் என்று பெயர்.

பெகாட்டி குடும்பத்தை டேவிட் நேசிக்கவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். நேசிக்கிறான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் தங்கள் படகு வீட்டில் இருக்கும்வரை நேசிக்கிறான். ஹாம் கடலில் சாகிறான், எமிலி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிறாள். இங்கிலாந்தில் டேவிட் புகழ்பெற்ற எழுத்தாளனாகிறான். எவ்வளவு சுத்தமாக வீடு பெருக்கப்படுகிறது பாருங்கள்.

நான் இந்த நாவலை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் பதினான்கு அத்தியாயங்களுக்கு இணையாகக் குழந்தையின் பயத்தை எழுதியவர்கள் குறைவு. 1867-ல் எழுதிய முன்னுரையில் தன் பிள்ளைகளில் இதுவே செல்லப்பிள்ளை என்று டிக்கன்ஸ் சொன்னார். செல்லப்பிள்ளைதான். செல்லப்பிள்ளைகளிடம் நாம் உண்மையைச் சொல்வதில்லை.

1860-க்கு வருவோம். டிக்கன்ஸுக்கு 48 வயது. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்து நடந்தபோது, நன்றாக உழைத்தால் ஒருநாள் இங்கே வாழலாம் என்று அவர் காட்டிய வீடு கேட்ஸ் ஹில். அதை 1856-லேயே வாங்கியாயிற்று. ஏணிக் கதை அத்தோடு பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1858-ல் 22 வருடம் கூட வாழ்ந்து பத்துப் பிள்ளைகள் பெற்ற மனைவி கேத்தரினை விலக்கினார். தன் பத்திரிகையிலேயே அதற்கு விளக்க அறிக்கை போட்டார். தப்பு முழுக்க அவள் பக்கம் என்று காட்டும் கடிதம் ஒன்றும் வெளியே வந்தது. அவளுக்கு மனநிலை சரியில்லை என்கிற தொனி அதில் இருந்தது. நடிகை எல்லன் டெர்னன் விஷயத்தை யாரும் பேசக் கூடாது. 1857-ல் மகன் வால்டரைப் பதினாறு வயதில் ராணுவத்துக்காக இந்தியாவுக்கு அனுப்பினார். அதே வருடம் கிளர்ச்சிச் செய்தி கேட்டு, இந்திய இனத்தையே துடைத்தழிக்க வேண்டும் என்று கடிதமும் எழுதினார். வால்டர் 1863-ன் கடைசி நாளில் கல்கத்தாவில் கடனோடு செத்துப்போனான்.

இந்தப் பட்டியலைப் போட்டு, ஆகவே டிக்கன்ஸைத் தூக்கிப் போடு என்று சொல்லும் ஒரு கோஷ்டியும் இருக்கிறது. அவர்களும் சூரிய உதயக்காரர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருக்கும் வாழ்க்கை ஒரு சான்றிதழ், ஒருவர் ஒட்டுகிறார், மற்றவர் கிழிக்கிறார். இப்படிப்பட்ட ஆள் அதற்கடுத்து உட்கார்ந்து என்ன எழுதினார் என்பது இருவருக்குமே தேவைப்படவில்லை.

1860 செப்டம்பரில் கேட்ஸ் ஹில் தோட்டத்தில் தனக்கு வந்த கடிதங்களையெல்லாம் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொளுத்தினார். பையன்கள் அந்தச் சாம்பலில் வெங்காயம் சுட்டுத் தின்றார்களாம். அடுத்த சில வாரங்களில் புது நாவலுக்கு உட்கார்ந்தார். அவருடைய வாரப் பத்திரிகை விற்பனையில் சரிந்துகொண்டிருந்தது, உடனே ஒரு தொடர் வேண்டும். தன்மையில் சொல்லும் பையன் கதை என்பதால், பழையதைத் திரும்ப எழுதிவிடக் கூடாது என்று ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’டை எடுத்து மறுபடி படித்தார். படித்து மிகவும் கலங்கிப்போனதாக ஃபார்ஸ்டருக்கு எழுதினார். டிசம்பர் 1-ல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ தொடங்கியது.

இதில் பிப் ஜென்டில்மேன் பிள்ளை அல்ல. கொல்லன் ஜோ கார்கரியின் மச்சினன், பட்டறைப் பையன். பணக்கார வீட்டில் எஸ்டெல்லா என்ற பெண் அவனுடைய முரட்டுக் கையையும் தடித்த பூட்ஸையும் பார்த்துச் சிரிக்கிறாள். அதுவரை அவனுக்கு அது கையாக மட்டும்தான் இருந்தது. பிறகு யாரென்று தெரியாத ஒருவரின் பணம் வருகிறது. லண்டன், தையல்காரர், கடன். ஜோ அவனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறான். காசு கொடுத்து அவனை வராமல் நிறுத்த முடியும் என்றால் கொடுத்திருப்பேன் என்று பிப் நம்மிடம் நேராகவே ஒப்புக்கொள்கிறான். ஜோ தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மாடத்தில் வைக்க, அது திரும்பத் திரும்ப விழுகிறது. தான் வளர்த்த பையனை ‘சார்’ என்று கூப்பிடுகிறான். சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பிப் போகிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்பா என் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். லேத் பட்டறைக்காரர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு, நகக்கண்ணில். உள்ளே கேன்டீனுக்கு விசிட்டர் பாஸ் வாங்கலாம். நான் வாங்கவில்லை, ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே டீமில் ஒருவன் வந்து யாரென்று கேட்டபோது “ஊர்க்காரர்” என்றேன். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டீக்கு அவரே காசு கொடுத்தார். அந்தத் தொப்பி விழும் பக்கத்தை நான் சில வருடம் கழித்துத்தான் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுக்க ரொம்ப நாள் ஆனது. டேவிட்டைப் படித்தபோது எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை, என் மேல் எனக்கே இரக்கம்தான் வந்தது.

பிப்பின் பணம் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் கதையின் நடு முதுகெலும்பு. பணக்காரச் சீமாட்டி ஹாவிஷம் கொடுப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு மழை ராத்திரியில் படியேறி வருகிறவன் மேக்விட்ச், சின்ன வயதில் சதுப்பு நிலத்தில் பிப் சாப்பாடு கொடுத்த கைதி. நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்டு, ஆடு மேய்த்துச் சம்பாதித்து, நான்தான் உன்னை ஜென்டில்மேனாக்கினேன் என்கிறான். திரும்பி வந்தது தெரிந்தால் தூக்கு, இருந்தும் பார்க்க வந்திருக்கிறான். பிப்புக்கு வருவது நன்றி இல்லை, குமட்டல். பெரிய இடத்துப் பெண் என்று அவன் உருகிக்கொண்டிருந்த எஸ்டெல்லாவும் இதே மேக்விட்சின் மகள்தான் என்று பிறகு தெரிகிறது. வெள்ளை மேஜை விரிப்பின் கீழே எங்கே கை வைத்தாலும் ஒரு கைதியின் கை தட்டுப்படுகிறது.

‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ ஒருபோதும் கேட்காத கேள்வி இது: இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தது? பிப் அதைக் கேட்கிறான், பதில் கிடைக்கிறது, ஓடிப்போகப் பார்க்கிறான், ஓடவில்லை. நீதிமன்றத்தில் எல்லாரும் பார்க்க மேக்விட்சின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏறியதெல்லாம் போகிறது, பணம் அரசுக்குப் போகிறது. அந்த நிற்பதைத்தான் நான் வளர்ச்சி என்பேன். நாவல் முழுசாகத் தப்பிக்கவில்லை என்பதும் தெரியும். கடைசியில் பிப் கெய்ரோவில் ஒரு வர்த்தகக் கம்பெனியில் சம்பாதிக்கிறான். அந்தக் காசை யார் கொடுத்தார்கள் என்று டிக்கன்ஸ் கேட்கவில்லை. ஆடு மேய்ந்த நிலம் யாருடையது என்றும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்.

மேக்விட்ச் இறந்த பிறகு பிப் காய்ச்சலில் விழுகிறான். கடன்காரர்கள் பிடித்துப்போக வந்து நிற்கிறார்கள். கண் திறந்தால் பக்கத்தில் ஜோ. வாரக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான். பிப்புக்குத் தெம்பு வர வர ஜோவின் வாயில் மறுபடி ‘சார்’ வந்துவிடுகிறது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. ஒரு சின்னக் கடிதம், கூடவே பிப்பைக் கைது செய்ய வந்த கடனை ஜோ அடைத்துவிட்டதற்கான ரசீது. 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸ்.

அப்பனை மார்ஷல்சீக்கு அனுப்பிய கடனையும், வைக்கோலில் படுக்க வைத்து ஒத்தடம் கொடுத்தவனையும் 36 வருடம் கழித்து ஒரே அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார். என் வாசிப்பில் ஜோ என்பது பாப் ஃபேகின்தான். இந்த முறை வீடு வரைக்கும் வர விட்டிருக்கிறார்.

அப்போதும் வெளியே சொல்லவில்லை. 1869 கிறிஸ்துமஸ், அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ். குடும்பத்தோடு ஒரு ஞாபக விளையாட்டு. ஒருவர் ஒரு சொல்லைச் சொல்ல, அடுத்தவர் அதையும் சேர்த்துத் தன்னுடையதைச் சொல்ல வேண்டும், வரிசை நீண்டுகொண்டே போகும். டிக்கன்ஸின் முறை வந்தது. ‘வாரன்ஸ் பாலிஷ், 30, ஸ்ட்ராண்ட்’ என்றார். கண்ணில் ஒரு மாதிரியான மினுக்கம், குரலும் என்னவோ போல இருந்தது என்று மகன் ஹென்றி பிற்பாடு எழுதினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளையாட்டு விதிப்படி அதையும் ஒப்பித்துவிட்டுத் தன் சொல்லைச் சேர்த்திருப்பார்.